ஒன்பது பேரும் நலம்

மார்ச் 2

மதிப்பிற்குரிய கண்டக்டர் அவர்களுக்கு,

உங்கள் இடுப்பெலும்பு அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்றும், நீங்கள் இப்போது மகள் வீட்டில் இருக்கிறீர்கள் என்றும் மையத்தில் சொன்னார்கள். முகவரியை வாங்கி இதை எழுதுகிறேன். கைபேசியில் எழுத எனக்குப் பிடிக்காது. பாதி வார்த்தையில் நின்றுபோகும் செய்திகளை நான் கடிதமாகக் கருதுவதில்லை.

விழுந்தவரை விசாரிப்பது முறை என்பதால் எழுதுகிறேன். அதற்கு முந்தின நாள் கேரம் பலகைக்கு முன்னால் பத்துப் பேர் கேட்க நீங்கள் என்னைப் பற்றிப் பேசிய பேச்சை மறந்துவிட்டேன் என்று இதற்கு அர்த்தமில்லை.

உங்கள் மகள் மையத்துக்குப் பேசி, “தனியா இருக்கிறவங்களைப் பார்த்துக்கறோம்னு சொன்னீங்களே, இதுதான் பார்த்துக்கற லட்சணமா?” என்று கேட்டாராம். கேட்க அவருக்கு உரிமை உண்டு. ஏற்பாடு என்னவென்று நீங்கள் அவருக்கு ஒழுங்காகச் சொல்லியிருக்க மாட்டீர்கள். ஆகவே இந்தப் பகுதியை அவருக்குப் படித்துக் காட்டுங்கள். எங்கள் முதியோர் மையத்தின் உறுப்பினர்களில், என்னைச் சேர்க்காமல், ஒன்பது பேர் தனி வீட்டில் தனியாக வசிப்பவர்கள். காலை ஏழிலிருந்து ஏழரைக்குள் நான் என் மூன்றாம் மாடி வீட்டிலிருந்து ஒன்பது பேரையும் தொலைபேசியில் அழைப்பேன். எடுக்காதவரை ஐந்து நிமிடம் விட்டு மறுபடி அழைப்பேன். மூன்று முறைக்கும் எடுக்காவிட்டால் மையப் பொறுப்பாளருக்குச் சொல்வேன். அந்தப் பெண் பலகையில் தொங்கும் சாவிகளில் அந்த வீட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு ஓடுவாள். எட்டு மணிக்கு நான் மையத்தை அழைத்து முழு விவரம் சொல்ல, அவள் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திடுவாள். மூன்று வருடமாக நடக்கும் ஏற்பாடு இது. விதிகளை எழுதியவள் நான்.

அவ்வளவு இருந்தும் பிப்ரவரி பத்தாம் தேதி காலை விழுந்த உங்களை மாலை ஐந்தே முக்காலுக்குத்தான் கண்டார்கள். வருந்துகிறேன். மேலிடத்து அலுவலகம் விசாரித்துக்கொண்டிருக்கிறது.

மற்றபடி இங்கே புதிதாக ஒன்றுமில்லை. வியாழக்கிழமை ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி பழுதாகிவிட்டது. எல்லாருக்கும் ஒரே எண்ணைக் காட்டியது. அதைப் பார்த்துச் சிலர் சந்தோஷப்பட்டார்கள்.

கடைசியாக ஒன்று. இனிமேலாவது என்னை ‘அக்கா’ என்று அழைக்காதீர்கள். எனக்கு ஒரே தம்பி. அவனே என்னை அப்படி அழைத்ததில்லை.

இப்படிக்கு,
மூன்றாம் மாடி


மார்ச் 9

அன்புள்ள ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மாவுக்கு,

அக்கா வேண்டாம் என்றீர்கள், அதனால் பட்டத்தையே போட்டுவிட்டேன். ஒரு நாள்கூடப் பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்காமல் அந்தப் பட்டத்தை வாங்கியவர் உலகத்தில் நீங்கள் ஒருவர்தான்.

முப்பத்தொரு வருஷம் ஓடுகிற பஸ்ஸில் நின்றேன், ஒரு தடவை விழுந்ததில்லை. நின்றுகொண்டிருக்கிற குளியலறையில் விழுந்தேன். யாரிடம் சொல்லி அழுவது? இப்போது இடுப்பில் ஒரு இரும்பு இருக்கிறது. நாலு கால் வைத்த கைத்தாங்கியைப் பிடித்துக்கொண்டு கட்டிலிலிருந்து கதவு வரை போகிறேன். போக எட்டு நிமிஷம், வர பதினொன்று. திரும்பி வரும்போதுதான் நேரமாகிறது, ஏனென்று புரியவில்லை.

மகள் கண்ணில் வைத்துப் பார்த்துக்கொள்கிறாள். அதுதான் பிரச்சனை. குளியலறைக் கதவைச் சாத்த விடுவதில்லை. “அப்பா, ஏதாவது சத்தம் குடுத்துக்கிட்டே இருங்க” என்கிறாள். உள்ளே உட்கார்ந்துகொண்டு நான் பழைய ஸ்டாப் பெயர்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மாப்பிள்ளை ரொம்ப நல்லவர். நான் இருக்கிற பக்கம் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு, அவர் பார்க்க நினைப்பதையும் பார்க்காமல் எழுந்து போய்விடுகிறார். ஒரு வீட்டில் ஒரு நல்ல மனுஷன் தன் நாற்காலியை விட்டு எழுந்து போகிறான் என்றால் அதற்குக் காரணமாக இருப்பது நன்றாகவா இருக்கும்?

நான் திரும்பி என் வீட்டுக்கு வர வேண்டும். இதைத் தவிர எனக்கு வேறு எண்ணம் இல்லை. மகள் ஒரே பிடியாக நிற்கிறாள். “ஏற்பாடு ஏற்பாடுன்னு சொன்னாங்களே, பதினோரு மணி நேரம் கிடந்தீங்களேப்பா. அந்த ஊர் ஆசையை விட்டுடுங்க. ஏப்ரல் முடியறதுக்குள்ள வீட்டைக் காலி பண்ணிடலாம்” என்கிறாள். நீங்கள் எழுதியதைப் படித்துக் காட்டினேன். “விதியெல்லாம் நல்லாத்தான் இருக்கு” என்றாள்.

அன்றைக்கு நடந்ததை எழுதச் சொல்லாதீர்கள். தரை குளிர்ச்சியாக இருந்தது. அவ்வளவுதான்.

கேரம் பலகைக்கு முன்னால் நான் பேசியது தப்பு. ஆனால் பொய் இல்லை.

கண்டக்டர்


மார்ச் 14

மதிப்பிற்குரிய கண்டக்டர் அவர்களுக்கு,

மன்னிப்பில் பாதியைக் கொடுத்து மீதியைப் பிடித்து வைத்துக்கொள்ளும் சாமர்த்தியம் உங்களுக்குத்தான் வரும். அதை விடுங்கள். இதை வேறு ஒரு காரணத்துக்காக எழுதுகிறேன்.

பொறுப்பாளரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்துவிட்டார்கள். அன்றைய பதிவேட்டில், அவளுடைய கையெழுத்துக்கு மேலே, ‘ஒன்பது பேரும் நலம்’ என்று எழுதியிருக்கிறது. உங்களைக் குளியலறைத் தரையிலிருந்து எடுத்தவளும் அவள்தான் என்பதை யாரும் பொருட்படுத்தவில்லை. மத்தியானம் கேரம் ஆட நீங்கள் வரவில்லை, மாலையாகியும் ஆள் வரவில்லை என்று, வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் சாவியை எடுத்துக்கொண்டு தானாக உங்கள் வீட்டுக்குப் போனவள் அவள். அலுவலகத்திலிருந்து வந்த அதிகாரி, “விசாரிக்காமலே எழுதிட்டீங்களா?” என்று கேட்டார். அவள், “எனக்கு என்ன சொன்னாங்களோ அதைத்தான் சார் எழுதினேன்” என்றாள். என் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

என்னையும் கேட்டார். “அன்று காலை இவருக்கு நீங்கள் போன் செய்தீர்களா, அம்மா?” என்று மரியாதையாகத்தான் கேட்டார். “ஒன்பது பேருக்கும் செய்தேன்” என்றேன். அவர் தலையாட்டிவிட்டு எழுதிக்கொண்டார். என் வயதையும் வெள்ளைத் தலையையும் பார்த்து அடுத்த கேள்வியைக் கேட்கவில்லை.

இப்போது மையத்தைத் திறக்க வேறொரு ஆள் வருகிறார். சாவிகளை ஒரே வளையத்தில் கோத்து மேஜை இழுப்பறையில் போட்டுப் பூட்டியிருக்கிறார். ஒவ்வொரு சாவியிலும் அவள் கட்டியிருந்த வண்ண நூல்களை அறுத்துவிட்டார், அழுக்காக இருக்கிறதாம். எது எந்த வீட்டுச் சாவி என்று அவருக்கே தெரியாது.

அலுவலகத்திலிருந்து உங்களிடமும் கேட்பார்கள். அன்று காலை தொலைபேசி ஒலித்தது உங்கள் காதில் விழுந்ததா, அல்லது அதற்குள் நினைவு தப்பிவிட்டதா என்பது எனக்குத் தெரியாது. உங்களுக்கு நினைவிருப்பதைச் சொல்லுங்கள். அவ்வளவுதான் நான் எழுத நினைத்தது. இந்தப் பக்கத்தை மூன்று முறை கிழித்துவிட்டு மறுபடி எழுதுகிறேன்.

மூன்றாம் மாடி


மார்ச் 20

அம்மா,

சாவியம்மாவை நிறுத்திவிட்டார்கள் என்று படித்தபோது கட்டிலிலிருந்து தானாக எழுந்து நின்றுவிட்டேன். மகள் ஓடிவந்து பிடித்தாள். யாருக்கு என்ன வந்தது? இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒண்டியாகத் தவிக்கிற பெண். அன்றைக்கு அவள் வராமல் இருந்திருந்தால் இந்தக் கடிதத்தை எழுத ஆள் இல்லை. கதவைத் திறந்ததும் ஐயோ என்று கத்தவில்லை. தரையில் என் பக்கத்தில் உட்கார்ந்து, என் தலையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு, “ஒண்ணுமில்லைங்க, வந்துட்டேன், ஒண்ணுமில்லை” என்று ஆம்புலன்ஸ் வருகிற வரைக்கும் சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் எந்த நிலையில் கிடந்தேன் என்று உங்களுக்கு எழுத முடியாது. அவள் மூக்கைக்கூடச் சுளிக்கவில்லை.

நீங்கள் சொன்ன மாதிரியே அலுவலகத்திலிருந்து ஒரு படிவம் வந்திருக்கிறது. ஒன்பது கேள்விகள். எட்டுக்குப் பதில் எழுதிவிட்டேன். நாலாவது மட்டும் பாக்கி. அந்தக் கேள்வி இதுதான்: ‘அன்று காலை தொலைபேசி அழைப்பு வந்ததா? ஆம் எனில், எத்தனை முறை?’

ஏப்ரல் பத்தாம் தேதிக்குள் அனுப்பினால் போதுமாம். எனக்கு அவசரம் இல்லை. பேனாவும் கையில்தான் இருக்கிறது.

கண்டக்டர்


மார்ச் 27

கண்டக்டர் அவர்களுக்கு,

ஒரு முறை.

ஏழு பத்துக்கு உங்களை அழைத்தேன். மணி ஒலித்து ஒலித்துத் தானாக நின்றது. நீங்கள் எடுக்கவில்லை. மறுபடி நான் அழைக்கவில்லை. எட்டு மணிக்கு மையத்தை அழைத்து, “ஒன்பது பேரும் நலம்” என்று சொன்னேன். பொறுப்பாளர், “கண்டக்டர் சாரும் எடுத்துட்டாரா அம்மா? நேத்து கோச்சுக்கிட்டுப் போனாரே” என்று கேட்டாள். “எடுத்தார்” என்றேன்.

கான்வென்டில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்று: பாவத்தைச் சொல்லும்போது காரணத்தை முதலில் சொல்லாதே. அதனால் நடந்ததை முதலில் எழுதினேன். இப்போது காரணம்.

நீங்கள் பெரும்பாலான நாட்களில் முதல் அழைப்பில் எடுப்பதில்லை. இரண்டாவதிலும் எடுப்பதில்லை. மூன்றாவதில் எடுத்து, “இன்னும் இறங்கலை மேடம், வண்டியிலதான் இருக்கேன்” என்பீர்கள். பின்னால் நீங்கள் சிரிப்பதும் கேட்கும். தொலைபேசிக்குப் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு இந்த விளையாட்டை ஆடுகிறீர்கள் என்று எனக்கு வெகு நாளாகத் தெரியும். அந்தப் பத்து நிமிடங்களும் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நிற்பேன் என்று ஒருநாளும் உங்களிடம் சொன்னதில்லை. சொன்னால் அது உங்களுக்கு வெற்றி என்று நினைத்தேன்.

பிப்ரவரி ஒன்பதாம் தேதி கேரம் பலகைக்கு முன்னால் நீங்கள் சொன்னதை எழுத்துப் பிசகாமல் எழுதுகிறேன். “இந்த அம்மா நாம உயிரோட இருக்கோமான்னு பார்க்கவா போன் பண்றாங்க? தன்கிட்ட பேச இன்னும் ஒன்பது பேர் இருக்காங்களான்னு பார்க்கப் பண்றாங்க.” எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்காதவர்கள் என்னைப் பார்த்தார்கள். அது அதைவிட மோசம். என் கணவர் இறந்து பதினோரு வருடம். என் வீட்டுத் தொலைபேசி தானாக ஒலிக்கும் நாட்கள் மாதத்தில் இரண்டோ மூன்றோ. நீங்கள் சொன்னது உண்மை என்பதால்தான் வலித்தது. பொய்யாக இருந்தால் நானே உங்களுக்குப் பதில் சொல்லியிருப்பேன்.

மறுநாள் காலை மணி நின்றதும், இன்று உன் விளையாட்டை நீயே ஆடிக்கொள் என்று மனதில் சொல்லிக்கொண்டேன். பட்டியலில் உங்கள் பெயருக்கு நேரே குறி போட்டேன். ஒன்றரை மாதமாக அந்தப் பேனாவை நான் தொடவில்லை.

நாலாவது கேள்விக்கு உங்களுக்குத் தெரிந்ததை எழுதுங்கள். நான் கெஞ்சவில்லை.


ஏப்ரல் 2

அம்மா,

எனக்குத் தெரியும்.

பதினாறு தடவை அடித்து நின்றது. பஸ்ஸில் தலை எண்ணிப் பழகியவனுக்கு எதைக் கேட்டாலும் எண்ண வந்துவிடும். ஆறே முக்காலுக்கு வழுக்கினேன். கால் அசையவில்லை. கத்திப் பார்த்தேன், பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. சரி, ஏழு பத்துக்கு ஹெட்மிஸ்ட்ரஸ் அடிப்பார்கள், எடுக்க மாட்டேன், மூன்று தடவை அடிப்பார்கள், ஏழரைக்குச் சாவியம்மா வந்துவிடுவாள் என்று நிம்மதியாகப் படுத்துக்கொண்டேன். நம்ப மாட்டீர்கள், மணி அடித்தபோது சிரித்தேன்கூட. ‘இன்னிக்கு நெசமாவே எடுக்க முடியலை மேடம்’ என்று சுவரைப் பார்த்துச் சொன்னேன்.

ஐந்து நிமிஷம் ஆயிற்று. பத்து ஆயிற்று. மணி வரவில்லை.

அப்போதே புரிந்துவிட்டது. ஏன் வரவில்லை என்பதும் புரிந்தது. யார் சொல்லியும் தெரிய வேண்டியதில்லை. தினம் மூன்று தடவை உங்களை அடிக்க வைத்தவன் நான். முந்தின நாள் ஊர் சிரிக்கப் பேசியவனும் நான். வினையை விதைத்துவிட்டு விளைச்சலுக்கு நடுவிலேயே படுத்துக் கிடந்தேன். அதனால்தான் மருத்துவமனையில் கேட்டபோதும் மகள் கேட்டபோதும் ‘ஞாபகமில்லை’ என்றேன். நாம் இரண்டு பேரும் ஆடின ஆட்டம் நம்மோடு போகட்டும் என்று நினைத்தேன். சாவியம்மா தலையில் விடியும் என்று நினைக்கவில்லை.

இப்போது மூன்று விஷயம் சொல்கிறேன். கோபமாகத்தான் சொல்கிறேன்.

எனக்குக் கடிதம் எழுதினது போதாது. நீங்கள் எங்கே ‘நலம்’ என்று சொன்னீர்களோ அங்கே போய்ச் சொல்ல வேண்டும். எல்லாரும் இருக்கும்போது. சாவியம்மாவும் இருக்கும்போது.

நாலாவது கேள்விக்கு ‘ஒரு முறை, பதினாறு தடவை மணி அடித்தது’ என்று எழுதி இன்றைக்கே அனுப்புகிறேன். கீழே, நான் தினமும் வேண்டுமென்றே எடுக்காமல் இருப்பேன் என்பதையும் எழுதியிருக்கிறேன். இடம் போதவில்லை, ஓரத்தில் எழுதினேன்.

மூன்றாவது, மன்னிப்பு. உங்கள் கடிதத்தில் நீங்கள் அதைக் கேட்கவே இல்லை, கவனித்தேன். கேட்டிருந்தாலும் இப்போது என்னிடம் இல்லை. அதற்குப் பதில் எனக்கு ஒன்று வேண்டும். ஏழு பத்திலிருந்து அஞ்சே முக்கால் வரைக்கும் நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று எழுதுங்கள். நான் அந்தத் தரையில் கிடந்தபோது உங்களைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது அவர்கள் என்ன செய்வார்கள், சாப்பிட்டிருப்பார்களா, சந்தேகம் வந்திருக்குமா, போனைக் கையில் எடுப்பார்களா என்று. பத்தரை மணி நேரம் அதையேதான் யோசித்தேன். அது எனக்குத் தெரிய வேண்டும். அழகாக எழுத வேண்டாம். நடந்தது நடந்தபடி.

அதற்கப்புறம் நான் அங்கே வருவதா வேண்டாமா என்று சொல்கிறேன்.

கண்டக்டர்


ஏப்ரல் 9

கண்டக்டர் அவர்களுக்கு,

நேற்று உறுப்பினர் கூட்டம். அதிகாரியை வரச் சொல்லி முன்கூட்டியே எழுதியிருந்தேன். பொறுப்பாளரை நானே அவள் வீட்டுக்குப் போய் அழைத்தேன். உள்ளே வரச் சொல்லவில்லை. “வரேன்” என்று மட்டும் சொன்னாள்.

முப்பத்திரண்டு நாற்காலிகளும் நிரம்பியிருந்தன. எழுந்து நின்று, உங்களுக்கு எழுதியதையே சொன்னேன். கையில் தாள் வைத்துக்கொள்ளவில்லை. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பெயின்டருக்குக் காது மந்தம் என்பது உங்களுக்குத் தெரியும். அவர் பக்கத்திலிருந்த நர்ஸம்மாவைப் பார்த்து, “என்னவாம்?” என்று கேட்டார். நர்ஸம்மா அவர் காதில் சத்தமாக, “கண்டக்டர் அன்னிக்கு போன் எடுக்கலையாம். எடுத்தாருன்னு இவங்க சொல்லிட்டாங்களாம்!” என்றார். “ஏன்?” என்றார் அவர். “கோவமாம்!” என்று நர்ஸம்மா கத்தினார். அந்த ஒரு சொல் அறை முழுவதும் கேட்டது. நான் கால் மணி நேரம் பேசியதன் மொத்தச் சாரமும் அதுதான்.

பெயின்டர் என் பக்கம் திரும்பி, “அப்ப எனக்கும் அப்படிப் பண்ணியிருக்கீங்களா?” என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் நம்பினாரா என்று தெரியவில்லை. நம்ப வேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை.

பொறுப்பாளர் கதவோரம் நின்றிருந்தாள். போகும்போது என்னிடம் வந்தாள். “நீங்க பொய் சொல்ல மாட்டீங்கன்னு நினைச்சுத்தாம்மா நான் மறு கேள்வி கேக்கலை” என்றாள். திங்கட்கிழமையிலிருந்து அவளை வேலைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். காலை அழைப்பு இனி நர்ஸம்மாவின் பொறுப்பு. அவரோடு இன்னொருவரும் பட்டியலைச் சரிபார்ப்பார். அது நான் இல்லை. உங்கள் மகளுக்கு இதைச் சொல்லுங்கள்: ஏற்பாடு தவறவில்லை, நான் தவறினேன். அவரிடம் நேரில் சொல்லவும் தயார்.

இனி நீங்கள் கேட்டது.

ஏழு பத்து: உங்களை ஒரு முறை அழைத்தேன். ஏழு இருபத்தைந்து: மற்ற எட்டுப் பேரையும் முடித்தேன். எட்டு மணி: பொய் சொன்னேன்.

எட்டேகால்: காபி போட்டுக் குடித்தேன். நன்றாக இருந்தது. இதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று யோசித்தேன். வெகு நாளைக்குப் பிறகு அன்று காபி நன்றாக இருந்தது.

ஒன்பதரை: துணி மடித்தேன். பத்து மணி: கடைக்குப் போனேன். அழுகின தக்காளியை அடியில் வைத்துத் தந்த கடைக்காரரிடம் நேர்மையைப் பற்றிப் பேசினேன். பதினொன்றரை: சமைத்தேன். பன்னிரண்டரை: சாப்பிட்டேன். மையத்துக்குப் போகும் நேரம். போகவில்லை. உங்கள் முகத்தில் விழிக்க விருப்பமில்லை. போயிருந்தால் நீங்கள் வரவில்லை என்பது ஒரு மணிக்கே தெரிந்திருக்கும்.

ஒன்றேகால்: பாத்திரம் கழுவிக்கொண்டே, முந்தின நாள் நீங்கள் பேசியதற்கு என்ன பதில் சொல்லியிருக்கலாம் என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். நான்கு நல்ல பதில்கள் கிடைத்தன. நான்காவது மிகவும் கூர்மையானது. இரண்டு முறை சொன்னேன்.

இரண்டரை: படுத்தேன். மூன்றரை வரை தூங்கினேன். கனவில்லை.

நான்கு மணி: இதுதான் இருப்பதிலேயே மோசமான பகுதி. தூங்கி எழுந்ததும் ஒரு சந்தேகம் வந்தது. உண்மையாகவே எடுக்க முடியாமல் போயிருந்தால் என்று. போய்த் தொலைபேசியைக் கையில் எடுத்தேன். இரண்டு எண்கள் அழுத்தினேன். திரும்ப அழைத்தால் நீங்கள் எடுத்துச் சிரிப்பீர்கள் என்று தோன்றியது. வைத்துவிட்டேன். இதை நேற்றுக் கூட்டத்தில் சொல்லவில்லை. அவர்களுக்குச் சொல்லத் தைரியம் இல்லை. உங்களுக்குத்தான் சொல்கிறேன்.

ஐந்து மணி: ஜன்னல் கண்ணாடி துடைத்தேன்.

ஆறு மணி: தொலைபேசி ஒலித்தது. நீங்கள்தான் மன்னிப்புக் கேட்க அழைக்கிறீர்கள் என்று நினைத்தேன். காத்திருக்கட்டும் என்று எடுக்கவில்லை. மறுபடி ஒலித்தது. அதையும் எடுக்கவில்லை. மூன்றாவது முறை எடுத்தேன். பொறுப்பாளர் ஆம்புலன்சிலிருந்து பேசினாள்.

நடந்தது நடந்தபடி எழுதிவிட்டேன்.


ஏப்ரல் 15

அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று நாள் வைத்து வைத்துப் படித்தேன். நாலு மணி வரும் இடத்தில் ஒவ்வொரு தடவையும் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். ஒரு தடவை மகள் எடுத்துப் படித்துவிட்டாள். கொடுக்க எனக்கு மனசில்லை, அவள் கேட்டு வாங்கிப் படிக்கவும் இல்லை. படித்துவிட்டு ரொம்ப நேரம் அடுப்படியிலேயே இருந்தாள். அப்புறம் வந்து, “அந்த அம்மா இதை எழுதியிருக்க வேண்டியதே இல்லையேப்பா. யாருக்குத் தெரியப்போகுது?” என்றாள். “ஆமா” என்றேன். “போகணும்னா போயிட்டு வாங்க. மூணு மாசம் பார்ப்போம். என்னைக்கு வேண்டாம்னு தோணுதோ அன்னைக்கு நான் வந்து கூட்டிட்டு வந்துடுவேன். மறுபேச்சு கூடாது” என்றாள். மாப்பிள்ளை அன்று ராத்திரி தன் நாற்காலியில் உட்கார்ந்து செய்தி முடிகிற வரை பார்த்தார்.

வீட்டில் குளியலறையில் பிடிமானக் கம்பி வைக்கச் சாவியம்மாவிடம் சொல்லிவிட்டேன். நீங்கள் போய் அளவு பார்க்க வேண்டாம். நீங்கள் பார்த்தால் கம்பி வைக்கிறவன் ஓடிப்போய்விடுவான்.

காலையில் நர்ஸம்மா அடிக்கட்டும். முதல் மணியிலேயே எடுப்பேன்.

இரண்டரைக்குப் படுத்து மூன்றரை வரை தூங்கினதாக எழுதியிருக்கிறீர்கள். குளியலறை ஜன்னல் வழியாக வெயில் இறங்கி என் கால்மேல் விழுந்தது கிட்டத்தட்ட அதே நேரம்தான். அதுவரை குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தேன். அந்தச் சூட்டில் நானும் கொஞ்சம் கண் அசந்துவிட்டேன். அந்த ஒரு மணி நேரத்துக்கு உங்கள்மேல் எனக்கு ஒன்றும் இல்லை. மற்ற ஒன்பதரை மணி நேரத்துக்கு நாளாகும். எத்தனை நாள் என்று சொல்லத் தெரியவில்லை. அவசரப்படுத்தாதீர்கள்.

இருபத்தாறாம் தேதி ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். ரயில் நிலையத்துக்கு வராதீர்கள். என்னைச் சக்கர நாற்காலியில் இறக்குவதை நீங்கள் பார்க்க வேண்டாம். திங்கட்கிழமை மத்தியானம் மையத்துக்கு வருவேன். எல்லாரும் இருப்பார்கள், என்னையும் பார்ப்பார்கள், உங்களையும் பார்ப்பார்கள். கஷ்டமாகத்தான் இருக்கும்.

அன்றைக்கு நீங்கள் வீட்டில் இருந்துவிடாதீர்கள்.

கண்டக்டர்